விஏ-வின் புதிய மின்னணு மருத்துவப் பதிவேடு: கண்காணிப்பு எங்கே பிடித்தது, எங்கே நழுவவிட்டது?

இளங்கோவன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை (இனி விஏ) தன் மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவேட்டை மாற்றும் திட்டத்தைப் பற்றிப் பல இழைகளில் துண்டு துண்டாகப் பேச்சு ஓடுகிறது. ஒரே இடத்தில் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன். கட்சிச் சண்டை வேண்டாம். டிரம்ப், பைடன், மறுபடி டிரம்ப் என்று மூன்று ஆட்சிகள் கைமாறி வந்திருக்கிற திட்டம் இது.

முன்கதை சுருக்கமாக. 2017 ஜூனில் அன்றைய செயலர் டேவிட் ஷல்கின், பாதுகாப்புத்துறை வாங்கியிருந்த அதே செர்னர் மென்பொருளை விஏ-வும் எடுக்கும் என்று அறிவித்தார். படையில் இருக்கும்போது ஒரு பதிவேடு, வெளியே வந்தபின் இன்னொன்று என்று இல்லாமல் ஒரே பதிவேடு தொடரட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். 2018 மே 17-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது: பத்து வருடம், 1,000 கோடி டாலர். உள்கட்டமைப்பு, நிர்வாகச் செலவுகளையும் சேர்த்து விஏ சொன்ன மொத்தக் கணக்கு 1,610 கோடி.

2020 அக்டோபர் 24-இல் வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில் உள்ள மேன்-கிராண்ட்ஸ்டாஃப் மருத்துவமனையில் முதல் கோ-லைவ், அதாவது புதிய மென்பொருள் நிஜப் பயன்பாட்டுக்கு வந்த நாள். 2022-இல் வல்லா வல்லா, ஒஹாயோவின் கொலம்பஸ், ஓரிகானில் ரோஸ்பர்க், ஒயிட் சிட்டி. அந்த 2022 ஜூனில்தான் ஆரக்கிள் நிறுவனம் செர்னரை வாங்கியது. 2023 ஏப்ரலில் விஏ-வே எல்லாவற்றையும் நிறுத்தியது. பாதுகாப்புத்துறையோடு சேர்ந்து நடத்தும் வடக்கு சிகாகோ லவெல் மையம் மட்டும் விதிவிலக்கு, அது 2024 மார்ச்சில் மாறியது. 170 சொச்சம் மருத்துவ மையங்களில் ஆறு. மிச்சிகனில் நான்கு மையங்களோடு மறுபடி தொடங்குவோம் என்று 2024 டிசம்பரில் சொன்னார்கள். 2025 மார்ச்சில் அதை 2026-க்குள் 13 மையங்கள் என்று ஏற்றினார்கள்.

என் கருத்து இது. கண்காணிக்க ஆளில்லாமல் இது கெடவில்லை. கீழவையில் இதற்கென்றே தொழில்நுட்ப நவீனமாக்கல் துணைக்குழு, ஜிஏஓ, துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் ஆரம்ப வருடங்களில் எல்லோர் கண்ணும் தேதியிலும் தொகையிலும் இருந்தது. மருத்துவர் போட்ட ஓர் ஆர்டர், அது போய்ச் சேர வேண்டிய மேசைக்குப் போனதா என்று முன்கூட்டியே தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஆறு மையத்திலிருந்து 19 மையத்துக்குப் போகிற நேரத்தில் இதைப் பேசியாக வேண்டும்.

தணிகைவேல்

அண்ணா, ஒரு அடிப்படைக் கேள்வி. ஜிஏஓ, இன்ஸ்பெக்டர் ஜெனரல் இரண்டும் வேறா? இவர்கள் 'நிறுத்து' என்றால் விஏ நிறுத்தியாக வேண்டுமா?

இளங்கோவன்

வேறுதான் தம்பி. ஜிஏஓ காங்கிரஸின், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின், தணிக்கை அமைப்பு. நம்மூர் சிஏஜி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் காங்கிரஸ் கேட்டால் குறிப்பிட்ட ஒரு திட்டத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பார்கள். இன்ஸ்பெக்டர் ஜெனரல் (இனி ஐஜி) துறைக்குள்ளேயே இருந்துகொண்டு சுதந்திரமாக இயங்கும் அலுவலகம், 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி. மருத்துவர்கள், மருந்தாளர்களைக் கொண்ட ஆய்வுக் குழுவே அங்கே இருக்கிறது. அதனால் நோயாளியின் கோப்பு வரைக்கும் இறங்கிப் பார்க்க முடிகிறது.

இரண்டு பேர் சொல்வதும் பரிந்துரைதான், ஆணை இல்லை. 2021 பிப்ரவரியில் ஜிஏஓ தெளிவாகவே சொன்னது: சோதனையில் கண்ட தீவிரமான குறைகளைத் தீர்க்கும்வரை அடுத்த மையங்களுக்குப் போகாதீர்கள் என்று. அப்போது ஸ்போகேன் ஏற்கெனவே ஓடத் தொடங்கி நாலு மாதம். மற்ற மையங்களும் பிறகு ஒவ்வொன்றாக வந்தன.

கட்டிப்போடும் கை காங்கிரஸிடம்தான், அதுவும் பணப்பை வழியாக. இந்தத் திட்டத்துக்குத் தனி நிதித் தலைப்பு இருக்கிறது. அதில் கால்வாசியைக் குறிப்பிட்ட தேதிவரை நிறுத்திவைத்து, கேட்ட அறிக்கைகளையும் உறுதிமொழிகளையும் தந்தால்தான் விடுவோம் என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதுகிறார்கள். 2022 ஜூனில் வந்த வெளிப்படைத்தன்மைச் சட்டம் காலாண்டுக்கு ஒருமுறை செலவையும் செயல்திறன் அளவுகளையும் தரச் சொல்கிறது.

கல்பனா ரவி

இளங்கோவன் சொன்ன 'ஆர்டர் போய்ச் சேர்ந்ததா' என்பதற்கு நேரடி எடுத்துக்காட்டு அன்னோன் கியூ, அதாவது 'அறியப்படாத வரிசை'. பெயர் பலருக்குத் தெரியும், உள்ளே என்ன நடந்தது என்பதை விளக்குகிறேன்.

மருத்துவர் ஓர் ஆர்டர் போடுகிறார், பிசியோதெரபிக்கோ ஸ்கேனுக்கோ மனநல மருத்துவரின் அடுத்த சந்திப்புக்கோ. படிவத்தில் இடம் என்று ஒரு கட்டம். கீழிறங்கும் பட்டியலிலிருந்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த இடத்துக்கும் அந்தச் சேவைக்கும் உள்ளே இணைப்புக் கொடுக்கப்படவில்லை என்றால், மென்பொருளுக்கு ஆர்டரை எங்கே அனுப்புவது என்று தெரியாது. அந்த நேரத்தில் ஆர்டரை ஏற்காமல் திருப்பியடித்திருந்தால் யாருக்கும் சேதமில்லை. அது ஏற்றுக்கொண்டது. போட்டவர் திரையில் ஆர்டர் போனதாகவே தெரிந்தது. ஆர்டரோ யாரும் பார்க்காத ஒரு கியூவில் போய் விழுந்தது. போட்டவருக்கு எச்சரிக்கை வரவில்லை. பெறவேண்டியவருக்கு அப்படி ஒன்று போடப்பட்டதே தெரியாது.

ஐஜி 2022 ஜூலை அறிக்கையில் சொன்னது: 2020 அக்டோபரிலிருந்து 2021 ஜூன் வரை ஸ்போகேனில் மட்டும் 11,000-க்கு மேல் ஆர்டர்கள் அங்கே விழுந்தன. விஏ-வின் மருத்துவக் குழுவே கோப்புகளைப் பார்த்து, 149 சம்பவங்களில் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கண்டது. அதில் ஒருவர் வீடில்லாதவர், தற்கொலை அபாயம் உள்ளவர் என்று ஏற்கெனவே அறியப்பட்டவர். அவருக்குப் போட்ட மனநல மறுசந்திப்பு ஆர்டர் அந்தக் கியூவில் விழுந்ததால் சந்திப்பே குறிக்கப்படவில்லை. கையில் சவர பிளேடோடு, உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டத்தோடு அவர் நெருக்கடி உதவி எண்ணை அழைத்தார். மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள்.

இதில் கண்காணிப்புக்கான பாடம் எங்கே என்றால், அப்படியொரு கியூ இருப்பதையே கோ-லைவுக்கு முன் நிறுவனம் மருத்துவமனைப் பயனர்களுக்குத் தெரிவிக்கவில்லை என்று ஐஜி பதிவுசெய்திருக்கிறது. சேராத ஆர்டரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டி இருப்பது வடிவமைப்பில் தவறே இல்லை, இருந்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு பொறுப்பாளரும், ஒரு எச்சரிக்கையும், எத்தனை மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும் என்ற வரம்பும் இல்லாததுதான் தவறு. பிறகு செய்த ஏற்பாட்டில் ஊழியர்கள் தினமும் கியூவைத் திறந்து கையால் சரியான இடத்துக்குத் தள்ள வேண்டியிருந்தது. மென்பொருளின் வேலையை மனிதர் தலையில் வைத்தது அது.

பழநியப்பன்

மன்னிக்கவும், அடிப்படையையே கேட்க வேண்டியிருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த பழைய பதிவேட்டு மென்பொருளான விஸ்டாவை ஏன் கைவிட வேண்டும்? 1970-களின் கடைசியிலிருந்து விஏ-வின் சொந்த நிரலாளர்களும் மருத்துவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது அது. அதை எழுதிய மம்ப்ஸ் பழைய நிரல்மொழிதான், ஆனால் மருத்துவமனைத் தரவுக்கென்றே பிறந்த மொழி. விஸ்டாவின் மருத்துவர் திரையான சிபிஆர்எஸ்ஸில் ஒரு மருத்துவர் ஆர்டர், குறிப்பு, ஆய்வு முடிவு எல்லாவற்றையும் தாவல் தாவலாக நொடியில் பார்ப்பார். வணிக மென்பொருள்கள் பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தன.

ஜிஏஓ-வின் 2023 மே அறிக்கையைப் பாருங்கள். புதிய மென்பொருள் தரமான சிகிச்சை தர உதவுகிறது என்று ஒப்புக்கொண்ட பயனர்கள் சுமார் 6 சதவீதம். முடிந்த அளவு திறமையாக வேலை செய்ய உதவுகிறது என்றவர்கள் சுமார் 4 சதவீதம். நூறு பேரில் நாலு பேர்! இதைப் பார்த்த பிறகும் எந்தக் கண்காணிப்பு அமைப்பும் 'விஸ்டாவையே சீரமைத்தால் என்ன' என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அழுத்தவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கல்பனா ரவி

பழநியப்பன் ஐயா, சிபிஆர்எஸ் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் விஸ்டா என்று ஒன்று இல்லை. சுமார் 130 தனித்தனி விஸ்டாக்கள், ஒவ்வொரு மையமும் தன் வசதிக்கு வளைத்தது. ஒரு மையத்தில் ஒரு மருந்தின் உள்ளூர்ப் பெயர் ஒன்று, அடுத்த மையத்தில் வேறு. பராமரிப்புக்கு 2015 முதல் 2017 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஆன செலவு மட்டும் 230 கோடி டாலர் என்று ஜிஏஓ கணக்குக் காட்டியது. மம்ப்ஸ் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே போகிறார்கள்.

சீரமைக்கப் பார்க்கவே இல்லை என்பதும் இல்லை. 2001-இல் ஹெல்தி-வெட், 2011-இல் பாதுகாப்புத்துறையோடு சேர்ந்து ஐஈஹெச்ஆர், 2013-இல் விஸ்டா எவல்யூஷன். மூன்றும் வழியிலேயே கைவிடப்பட்டவை. இப்போதைய திட்டம் நான்காவது முயற்சி. மூன்று தோல்விகளுக்குப் பிறகு வந்தது என்பதால்தான் 'இந்த முறை எப்படியாவது தேதி தவறக்கூடாது' என்ற அவசரம் அதற்குள் புகுந்தது என்று நினைக்கிறேன்.

பழநியப்பன்

130 விஸ்டா என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்னொரு உண்மையையும் சேர்த்து வையுங்கள். கடைசி மையம் மாறும்வரை விஸ்டாவையும் ஓட்டியே ஆக வேண்டும். முடிவு 2031 என்று இப்போது சொல்கிறார்கள். அதுவரை இரண்டு வீட்டுக்கும் வாடகை. அறிவிப்புகளில் இந்தச் செலவு தனி வரியாக வருவதே இல்லை.

செல்வமணி

இந்த இழையில் மருந்தகத்தைப் பற்றி யாரும் தொடவில்லை. பெரிய ஆபத்து அங்கேதான் இருந்தது என்பேன். அதுவும் பழையதும் புதியதும் சந்திக்கிற எல்லையில்.

விஏ-வில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வாமைக்கும் நாடு முழுக்கப் பொதுவான ஓர் அடையாள எண் உண்டு. புதிய மென்பொருளில் எழுதிய மருந்து, ஒவ்வாமை விவரங்கள் ஒரு பொதுச் சுகாதாரத் தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். பழைய மென்பொருள் ஓடும் மையத்தில் மருத்துவர் சீட்டு எழுதும்போது, சிபிஆர்எஸ் அந்தக் களஞ்சியத்தையும் பார்த்துத்தான் 'இந்த மருந்தும் அந்த மருந்தும் சேராது', 'இவருக்கு இது ஒவ்வாது' என்ற எச்சரிக்கையைத் தரும்.

இப்போது, புதிய பக்கத்திலிருந்து தவறான அடையாள எண் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர் திரையில் சரியாகவே இருக்கலாம், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்திரம் எண்ணைத்தான் பார்க்கிறது. எச்சரிக்கை வர வேண்டிய இடத்தில் வராது, வேண்டாத இடத்தில் வரும். எச்சரிக்கை வரவில்லை என்றால் 'சோதித்துப் பார்த்தது, ஆபத்து இல்லை' என்றுதான் எந்த மருத்துவரும் எடுத்துக்கொள்வார். காகிதச் சீட்டு இருந்த காலத்தில் இல்லாத ஆபத்து இது, ஏனென்றால் அப்போது சோதனையைத் தானே செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

2024 மார்ச்சில் ஐஜி சொன்ன எண்ணிக்கை: புதிய மென்பொருளில் மருந்து அல்லது ஒவ்வாமை பதிவான சுமார் 2,50,000 படைவீரர்கள், பழைய மென்பொருள் மையத்துக்குப் போனால் தங்களுக்கு இப்படி ஓர் ஆபத்து இருப்பதை அறியாமலே இருக்கலாம். காங்கிரஸ் குழுவின் முன் சொல்லப்பட்ட ஒரு நிகழ்வும் உண்டு. அட்ரினல் சுரப்பிக் குறைபாடுள்ள ஒரு படைவீரர், புதிய மென்பொருள் மையத்தில் ப்ரெட்னிசோன் எடுத்துக்கொண்டிருந்தவர், பழைய மென்பொருள் மையத்தின் மறுவாழ்வுப் பிரிவில் சேர்ந்தார். அவருடைய கடைசிச் சீட்டு இங்கே தெரியவில்லை. சில நாட்களில் நிலை மோசமாகி அவசர சிகிச்சைக்கு மாற்றப்பட்டார். அந்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பது மருந்தகம் படிக்கிற முதல் வருட மாணவருக்கே தெரியும். பட்டியலில் இருந்திருந்தால் யாரும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

விஏ சொன்ன தற்காலிக வழி, அப்படி வரும் நோயாளிகளுக்குக் கையால் சோதியுங்கள் என்பது. பழைய மையத்தில் தினம் நூற்றுக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவே, இந்த நபர் முன்பு எந்த மையத்தில் பார்க்கப்பட்டார் என்பதை ஒருவர் முதலில் கவனிக்க வேண்டும், பிறகு வேறொரு பார்வைத்திரையைத் திறக்க வேண்டும், பிறகு ஒவ்வொரு மருந்தாக ஒப்பிட வேண்டும். ஐஜி-யும் இதைத்தான் சுட்டியது, எல்லாம் ஊழியரின் விழிப்பை நம்பி நிற்கிறது என்று.

கொலம்பஸ் மருந்தகம் வேலையைச் சமாளிக்கவே ஒன்பது முழுநேர மருந்தாளர்களைக் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது, 62 சதவீத உயர்வு. புதிய மென்பொருள் வந்தால் ஆள் குறையும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணை எதிரில் ஒட்டிவைத்துக்கொள்ளட்டும்.

தணிகைவேல்

செல்வமணி அக்கா, கொலம்பஸில் ஒரு மரணம் பற்றியும் அறிக்கை வந்ததே. அதுவும் மருந்தகச் சிக்கலா?

செல்வமணி

இல்லை தம்பி, அது சந்திப்பு குறிக்கும் பகுதி. மனநலச் சந்திப்புக்கு ஒரு நோயாளி வரவில்லை. 'வரவில்லை' என்று குறித்ததும் மறுசந்திப்புக் கோரிக்கை ஒரு கியூவுக்குப் போய் ஊழியரை உசுப்ப வேண்டும். போகவில்லை. அதனால் யாரும் மறுபடி அழைத்து நேரம் தரவில்லை. சுமார் ஏழு வாரங்களில் அவர் இறந்துவிட்டார். இன்னொன்றும் தெரியவந்தது: புதிய மென்பொருள் மையங்களில் நோயாளியைத் தொடர்புகொள்ளச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச முயற்சிகளின் எண்ணிக்கை, பழைய மென்பொருள் மையங்களைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது. மென்பொருள் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை விதியைத் தளர்த்துவது எந்த நியாயத்திலும் சேராது.

தற்கொலை அபாயக் கொடிகளும் (பதிவேட்டில் ஏற்றும் எச்சரிக்கைக் குறிகள்) இப்படித்தான். பழைய பதிவேட்டில் ஏற்றியிருந்த கொடி சிலருக்குப் புதியதில் செயல்படவில்லை என்று 2022 மார்ச் அறிக்கை சொல்கிறது. நான்கு மரணங்களில் மென்பொருளுக்கும் பங்கிருந்தது என்று 2023 மார்ச்சில் செனட் குழுவில் வெளிவந்த பிறகுதான் அடுத்த மாதம் நிறுத்தமே வந்தது.

இளங்கோவன்

தகவல் கண்காணிப்பாளர் கைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். பயிற்சி முடிந்து ஊழியர்களுக்குத் தேர்ச்சிச் சோதனை வைத்தார்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்று ஐஜி கேட்டபோது 89 சதவீதம் என்று பதில் வந்தது. உண்மையில் தேறியவர்கள் 44 சதவீதம். சில தரவுகளை 'விலகல்' என்று நீக்கிவிட்டு மீதியை வைத்துச் சதவீதம் போட்டிருந்தார்கள், நீக்கியதைச் சொல்லவில்லை. வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று ஐஜி முடிவுகட்டவில்லை, கவனக்குறைவு என்றே எழுதியது. ஆனால் கேட்பவர் கச்சாத் தரவைக் கேட்காமல் சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தால் அந்த 89 இன்றும் ஆவணங்களில் உட்கார்ந்திருக்கும்.

செலவும் அதே வகை. 1,610 கோடியில் மருத்துவமனைக் கட்டடங்களுக்குள் செய்ய வேண்டிய வேலைகள் இல்லை: கேபிள், மின் இணைப்பு, நெட்வொர்க் கருவிகள் உள்ள அறைகளுக்குக் குளிரூட்டல். வேறு நிதித் தலைப்பிலிருந்து செலவாகிறது என்பதால் காங்கிரஸுக்கு அனுப்பிய கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று 2021-இல் ஐஜி இரண்டு அறிக்கைகளில் காட்டியது. 2022-இல் பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனம் தனியாகப் போட்ட கணக்கு 4,980 கோடி டாலர், 28 வருடத்துக்கு. நிறுவ 13 வருடம் 3,270 கோடி, பிறகு பராமரிக்க 15 வருடம் 1,710 கோடி. ஆயுட்காலம் வேறு என்பதால் 1,610-ஐயும் 4,980-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து 'மூன்று மடங்கு' என்று எழுதுவது சரியில்லை, பல செய்திகளில் அப்படித்தான் வருகிறது. நிறுவும் செலவை மட்டும் ஒப்பிட்டால்கூட ஏறத்தாழ இரண்டு மடங்கு. செலவு மதிப்பீட்டையும் கால அட்டவணையையும் புதுப்பியுங்கள் என்று ஜிஏஓ 2025-இலும் சொல்ல வேண்டியிருந்தது.

நல்லதும் ஒன்று நடந்தது. 2023 மே மாதம் ஒப்பந்தத்தைத் திறந்து, மீதமிருந்த ஐந்து வருடக் காலத்தை ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்கும் ஐந்து காலங்கள் என்று மாற்றினார்கள். 28 செயல்திறன் அளவுகள், தவறினால் நிறுவனம் தர வேண்டிய தள்ளுபடியும் அதிகம். ஒவ்வொரு வருடமும் மேசைக்கு வர வேண்டியிருக்கிறது என்பதே பெரிய பிடி.

தணிகைவேல்

அந்த அளவுகளில் 'இயங்கு நேரம்' நன்றாக இருக்கிறது என்று விஏ சொல்கிறதே, அப்போது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கல்பனா ரவி

கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். 99.9 சதவீதம் என்றால் மாதம் சுமார் 43 நிமிடம் நிற்கலாம், 99.95 என்றால் 22 நிமிடம் கூட இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 'நின்றது' என்பதில் எதைச் சேர்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். மொத்தமாக விழுந்தால் கணக்கில் வரும். உள்நுழைய முடிகிறது, ஆனால் மருந்துப் பக்கம் மட்டும் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது, அல்லது லேப் முடிவு மட்டும் வரவில்லை என்றால் வராது. நர்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். இப்படி முடக்கம், மந்தம், ஒரு பகுதி வேலை செய்யாமை மூன்றையும் சேர்த்து எண்ணினால் பெரிய சம்பவங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன என்று 2024 செப்டம்பரில் ஐஜி எழுதியது. ஆகவே 'முடக்கமில்லா நேரம்' என்ற எண்ணைக் காட்டினால் 'சம்பவமில்லா நேரம்' எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொன்று: விஏ, பாதுகாப்புத்துறை, கடலோரக் காவல்படை எல்லோரும் ஒரே பொதுத் தரவுத்தளப் பரப்பில் இருக்கிறார்கள். ஒருவருக்காகச் செய்த மாற்றம் மற்றவரைத் தட்டிவிடலாம். மாற்றம் போடுவதற்கு முன்பான சோதனை எந்த அளவு, விழுந்தால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியவை.

சோதனை என்றதும் நினைவுக்கு வருகிறது. பாதுகாப்புத்துறை தன் முதல் மையங்களில் தனிச்சோதனைக் குழுவை வைத்துப் பார்த்தது. 'செயல்திறனும் இல்லை, பொருத்தமும் இல்லை' என்று 2018 ஏப்ரலில் அந்தக் குழு எழுதியது. விஏ கையெழுத்திட்டது அடுத்த மாதம். அந்த அறிக்கையால் பாதுகாப்புத்துறை நிறுத்திச் சரிசெய்துகொண்டது. விஏ-வோ அப்படியொரு சுதந்திரமான சோதனையையே திட்டமிடவில்லை என்று 2023-இல் ஜிஏஓ எழுதியது.

செல்வமணி

அப்படியானால் 13 மையங்களுக்கு முன் துணைக்குழு கேட்க வேண்டியவை என்று என் பக்கத்திலிருந்து சில. தேதி எப்போது என்பதை விடுங்கள்.

மருந்து அடையாள எண்: புதிய பக்கத்தில் எழுதிய மருந்துகளில் ஒரு மாதிரியை எடுத்து, களஞ்சியத்திலும் பழைய மையத்துத் திரையிலும் மூன்று இடத்தில் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'மென்பொருள் திருத்தம் போட்டாயிற்று' என்ற பதிலை ஏற்கக்கூடாது, ஏனென்றால் திருத்தத்துக்கு முன் போன தவறான பதிவுகள் தானாகத் திருந்தாது. பழைய பதிவுகளை யார், எப்போது மீண்டும் அனுப்பினார்கள் என்பதற்குக் கையெழுத்தோடு ஆவணம் வேண்டும்.

மருந்துப் பட்டியல் இடமாற்றம்: ஸ்போகேனில் பழைய பட்டியல் ஒழுங்காக வந்து சேராமல் ஊழியர்கள் கையால் உள்ளிட நேர்ந்தது. இதற்கு ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம், எத்தனை நோயாளிகள், யார் செய்வது என்று பெருக்கிப் பார்த்தால் தேவையான ஆள் கணக்கு தானே வரும். அதைக் கோ-லைவுக்கு முன்பே நியமித்திருக்க வேண்டும்.

முகவரி: படையில் இருந்த காலத்து விவரம் பாதுகாப்புத்துறைப் பதிவிலிருந்து வந்து, விஏ-வில் திருத்திய முகவரியின் மேல் உட்கார்ந்துவிட்ட சிக்கல் இருந்தது. விஏ தன் மருந்துகளில் பெரும்பகுதியைத் தபாலில் அனுப்புகிற அமைப்பு. முகவரி தவறினால் மருந்து தவறும். எந்த மூலம் எதை மேலெழுதும் என்ற விதியை எழுத்தில் கேளுங்கள்.

மருந்தாளர் எண்ணிக்கை: கொலம்பஸ் அளவு உயர்வு தேவைப்படும் என்று வைத்து ஆளெடுப்பு தொடங்கியாயிற்றா என்று மையம் மையமாக.

கல்பனா ரவி

அதோடு ஆர்டர் பக்கம். ஒவ்வொரு மையத்துக்கும் ஆர்டர் வகை ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம் வைத்து எல்லா இணைகளையும் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம், நிரல் எழுதினால் ஓர் இரவில் ஓடிவிடும். எது சேராத கியூவில் விழுகிறதோ அந்த இணையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். கோ-லைவ் அன்றிலிருந்து அந்தக் கியூவின் நீளம், மிகப் பழைய ஆர்டரின் வயது இரண்டும் தினமும் வெளியே வர வேண்டும். நீளத்தைவிட வயதுதான் முக்கியம். 200 ஆர்டர் இருந்து எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் பரவாயில்லை. ஒரே ஒரு ஆர்டர் மூன்று வாரமாகக் கிடந்தால் அங்கே ஒரு மனிதர் காத்திருக்கிறார்.

உதவிக்கோரிக்கை டிக்கெட்டுகளிலும் அப்படித்தான். 'மூடப்பட்டவை' என்ற எண்ணிக்கை பயன்படாது, ஸ்போகேனில் தீர்வில்லாமலே மூடப்பட்டவை இருந்தன. கேட்டவர் 'தீர்ந்தது' என்று ஒப்புக்கொண்டவை எத்தனை என்று கேளுங்கள்.

பழநியப்பன்

திட்டமே வேண்டாம் என்ற என் நிலையில் மாற்றமில்லை. ஆனால் நடக்கத்தான் போகிறது என்றால் மையங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் ஒரு நியாயம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஆன் ஆர்பர், பேட்டில் கிரீக், டெட்ராய்ட், சாகினா நான்கும், ஒஹாயோ மையங்களும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஒருவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்படும்போது இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள் இருந்தால் செல்வமணி சொன்ன எல்லைச் சிக்கல் குறையும். ஸ்போகேன், கொலம்பஸ், ரோஸ்பர்க் என்று தள்ளித் தள்ளிப் போட்டதில் எல்லைதான் பெருகியது.

ஆனாலும் மிச்சிகன் முதியவர்கள் குளிர்காலத்துக்கு ஃபுளோரிடா போகிறவர்கள். அங்கே விஸ்டாதான். அவர்களுடைய ஒவ்வாமைப் பட்டியல் அங்கே எப்படித் தெரிகிறது என்பதை ஃபுளோரிடா மையத்தில் உட்கார்ந்து யாராவது பார்த்தார்களா?

எனக்கு இன்னொரு கவலை. இத்தனை அறிக்கைகளையும் வெளியிட்ட காலத்தில் ஐஜி-யாக இருந்த மைக்கேல் மிசல், 2025 ஜனவரியில் மற்றப் பல துறைகளின் ஐஜி-களோடு சேர்த்து நீக்கப்பட்டார். ஆய்வாளர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அறிக்கைகளும் வரலாம். ஆனால் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு நடுவே ஒரு மையம் என்கிற வேகத்தில் மாற்றம் நடக்கும்போது, கண்டுபிடித்ததை உடனே உரக்கச் சொல்லும் துணிச்சல் அந்த அலுவலகத்துக்கு வேண்டும்.

இளங்கோவன்

ஐயா சொன்ன ஃபுளோரிடா கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காலாண்டு அறிக்கையைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பும். கோ-லைவ் ஆன மையங்களின் எண்களை மட்டும் படித்து விட்டுவிடாதீர்கள். புதிய மென்பொருளின் பாதிப்பு அது இல்லாத மையத்திலும் விழுகிறது, அந்த மையங்களுக்கு அறிக்கையில் பத்தியே இருப்பதில்லை. துணைக்குழு விசாரணைகள் காணொளியாகப் பொதுவில் கிடைக்கின்றன, எழுத்துச் சாட்சியங்களும் இருக்கின்றன. அடுத்த விசாரணையின் சாட்சியம் வந்ததும் செல்வமணி, கல்பனா இருவரும் போட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக அதில் தேடி, பதில் இருக்கிறதா இல்லையா என்று இங்கே பதிவிடுகிறேன்.

செல்வமணி

தேடும்போது 'ஒவ்வாமை' என்ற சொல்லைத் தனியாகத் தேடுங்கள். மருந்து பற்றிச் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுகிறார்கள். மருந்து இடையீட்டைத் தடுக்க மருந்தாளர் கண்ணாவது இருக்கிறது. ஒவ்வாமை பதிவேட்டில் இல்லை என்றால், நோயாளி மயக்கத்தில் வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை.